மினிமேப்பை அணைத்துப் பார்த்தேன்

ஓப்பன் வேர்ல்ட் கேம்னாலே எனக்குச் சலிப்பு வந்து சில வருஷம் ஆச்சு. நாற்பதைத் தாண்டினா இதெல்லாம் ஒட்டாது போலன்னு நானே முடிவு கட்டிட்டேன். அந்த முடிவு தப்புன்னு இப்ப தோணுது.

சலிப்பு ஆரம்பிச்ச இடம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு: 2015இல் வந்த விட்சர் 3. கதையும் வசனமும் அருமை, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் ஸ்கெலிகே தீவுகளுக்குப் போய் மேப்பைத் திறந்தால் கடல் முழுக்கக் கேள்விக்குறிகள். பெரும்பாலும் கடத்தல்காரர்கள் தண்ணீரில் விட்டுப்போன சரக்கு. படகை ஓட்டு, சைரன்களை விரட்டு, பெட்டியைத் திற, அடுத்த கேள்விக்குறிக்குப் போ. ஆபீசில் டிக்கெட் மூடுற அதே வேலை. ஒரு நாள் ராத்திரிதான் கவனிச்சேன், ரொம்ப நேரமா குதிரையில் போயிட்டிருக்கேன், ஆனா கண் திரையின் மூலையில் இருந்த சின்ன வட்டத்தை விட்டு நகரவே இல்லை. அவ்வளவு அழகான காட்டில் நான் பார்த்தது ஒரு புள்ளிக்கோட்டை மட்டும்தான்.

சரி, செட்டிங்ஸில் மினிமேப்பை அணைப்போம்னு பார்த்தேன். சரிப்பட்டு வரலை. உதவி கேட்கிற ஊர்க்காரர் பல நேரம் எந்தப் பக்கம் போகணும்னே சொல்ல மாட்டார். புள்ளிக்கோடு காட்டிக்கும்னு நம்பி எழுதின வசனம் அது. அதனால் நிமிஷத்துக்கு ஒரு தடவை பெரிய மேப்பைத் திறக்க வேண்டியதாச்சு. ஆக, குறை செட்டிங்ஸில் இல்லை, வடிவமைப்பிலேயே இருக்கு.

2002இல் வந்த மாரோவிண்டில் இந்தப் புள்ளிக்கோடே கிடையாது. பால்மோரா ஊருக்குப் போ, அங்க ஒரு விடுதியில் விசாரின்னு சொல்லி அனுப்புவாங்க. வழியை டைரியில் படிச்சு, பாலத்தையும் மலையையும் அடையாளம் வெச்சுத்தான் போகணும். சில வழிகள் குழப்பும், திட்டிக்கிட்டே சுத்துவோம். அதே வரிசையில் 2006இல் வந்த ஆப்ளிவியன் திசைகாட்டியில் ஒரு அம்புக்குறியை வைச்சுது. வசதிதான். ஆனா அதுக்கப்புறம் யாரும் நமக்கு வழி சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு.

எனக்கு ஆர்வம் திரும்பினது 2017இல் வந்த செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டை ரொம்பத் தாமதமா ஆடினப்போதான். இதிலும் கோபுரம் ஏறணும். ஏறினா நிலப்பரப்பு மட்டும் மேப்பில் தெரியும், ஐகான் எதுவும் கொட்டாது. மேலே நின்னு தொலைநோக்கியில் பார்த்து, நாமே குறி வைச்சுக்கணும். மலைகளை முக்கோண வடிவில் அமைச்சது பத்தி அந்தக் குழுவே ஜப்பானில் ஒரு மாநாட்டில் விளக்கியிருக்காங்க. முக்கோணம் பின்னாடி இருக்கறதை மறைக்கும். ஏறிப்போறதா சுத்திப்போறதான்னு நம்மை யோசிக்க வைக்கும். மினிமேப் இதிலும் உண்டு. அணைச்சேன், ஒண்ணும் குறையலை, ஏன்னா வழி நிலத்திலேயே இருக்கு.

அதுக்காக இது குறையில்லாத கேம்னு சொல்ல வரலை. 120 கோயில்கள், 900 கோரோக் விதைகள். எண்ணிக்கையில் இதுவும் சளைச்சதில்லை. ஆனால் பை முழுசா பெருக 441 விதை போதும். 900ஐயும் சேர்த்தவருக்குக் கிடைக்கிற பரிசு, தங்க நிறத்தில் சாணி மாதிரி ஒரு உருண்டை! 'எல்லாத்தையும் முடிக்கணும்னு யார் சொன்னா?'ன்னு கேம் நம்மைப் பார்த்துச் சிரிக்குது.

இப்ப புதுசா ஒரு ஓப்பன் வேர்ல்ட் கேம் கிடைச்சா, எத்தனை சதுர கிலோமீட்டர்னு பார்க்கிறதில்லை. முதல் ஒரு மணி நேரம் மினிமேப்பை அணைச்சு ஆடிப் பார்க்கிறேன். தொலைஞ்சு போனா, சுத்திப் பார்த்து வழி கண்டுபிடிக்க முடியுதா? முடிஞ்சா மேற்கொண்டு ஆடுவேன். இல்லைன்னா அது உலகம் இல்லை, இன்னொரு டிக்கெட் பட்டியல். அதுக்குத்தான் ஆபீஸ் இருக்கே.