மீனெறி தூண்டில்: ஒரு திருத்தம்

மூணு வருஷத்துக்கு முன்னாடி வில்லியனூரில் ஒரு சின்ன வாசகர் கூட்டத்தில் குறுந்தொகை 54ஆம் பாட்டைப் பற்றிப் பேசினேன். கைதட்டல்கூட கிடைத்தது. அன்று சொன்னதில் பாதி தப்பு என்று இப்போது நினைக்கிறேன். எந்தப் பாதி, ஏன் என்பதுதான் இந்தக் குறிப்பு.

பாட்டு ஐந்தே அடி. தலைவி தோழியிடம் சொல்கிறாள்: நான் இங்கேதான் இருக்கிறேன், என் நலம் மட்டும் அவனோடு அங்கே போய்விட்டது. அவன் ஊர் எப்படிப்பட்டது? தினைப்புனம் காக்கிறவர்கள் கவண் வீசுகிறார்கள். அந்தச் சத்தத்துக்கு மிரண்ட காட்டு யானை, தின்பதற்காக வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலை விட்டுவிடுகிறது. மூங்கில் விசுக்கென்று மேலே போகிறது. எதைப் போல? மீனெறி தூண்டிலைப் போல. எழுதியவர் பெயர் நமக்குத் தெரியாது. அந்த உவமையையே பெயராக்கி அவரை மீனெறி தூண்டிலார் என்கிறார்கள். செம்புலப்பெயல்நீரார் பெயர் வந்த கதைதான் இங்கேயும்.

தூண்டில் போடுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்தப் பாட்டின் மேல் தனி உரிமை இருப்பதாக ஒரு நினைப்பு. உரைகள் பொதுவாக 'மீனைக் கவர்ந்த தூண்டில்' என்ற பொருளில் போகின்றன. அங்கேதான் நான் மடக்கினேன். மீன் மாட்டினால் கோல் வளையும். மீன் இருக்கிறவரை வளைந்தே இருக்கும். நிமிர்ந்தால் மீன் போச்சு என்று அர்த்தம். யானை விட்ட மூங்கிலுக்குப் பொருத்தம் மீன் தப்பிய தூண்டில்தான், அதனால் இது இழப்பின் உவமை என்றேன்.

இது புத்தகத்திலிருந்து வந்த வாதம் இல்லை, உடம்பிலிருந்து வந்தது. சுண்ணாம்பாறு முகத்துவாரத்தில் ஒருநாள் ஏற்றத்து நேரம், தெரிந்தவருடைய சின்ன ஃபைபர் படகில் நின்றுகொண்டு கொடுவாய்க்கு லூர் வீசிக்கொண்டிருந்தேன். அமெரிக்காக்காரர்கள் ஏரியில் பாஸ் பிடிக்கிற வீடியோக்களாகப் பார்த்துப் பழகிய கை. அவர்களுடைய பாஸும் நம்ம கொடுவாயும் ஒரே குடும்பம் இல்லை என்றாலும் குணம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: மறைவில் ஒதுங்கி நின்று, கிட்டே வருவதை ஒரே வாயில் உள்ளே இழுக்கும். அடி விழுந்ததும் முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்தேன். கோல் பாதிவரை வளைந்தது. கொடுவாயின் செவுள்மூடி ஓரம் கத்தி மாதிரி இருக்கும், அது உரசினால் நரம்பு நிற்காது. அறுந்தது. கோல் நிமிர்ந்த அதே நொடியில் நான் மல்லாந்து தண்ணீரில். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் இதை எழுதுகிறேன். (நின்றுகொண்டு வீசுகிறவர்கள் கவனத்துக்கு: மீன் இழுத்து ஆள் விழுவது அபூர்வம், மீன் விட்டு ஆள் விழுவதுதான் அதிகம். ஜாக்கெட்டைப் படகில் வைத்திருப்பது கணக்கில் வராது, பக்கிளைப் போட்டிருக்கணும்.)

அந்த விழலின் நினைவோடு படித்தால், யானை கைவிட்டதும் மூங்கில் எழுவது எனக்கு வேறு எதையும் சொல்லவில்லை. பாரம் போன கோல். அவ்வளவுதான்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கேட்டார்: "தம்பி, எல்லாம் சரி. எறின்னா தப்ப விடறதுன்னு எந்த நிகண்டுல இருக்கு?"

பதில் இல்லை. எறி என்றால் வீசு, அடி, வெட்டு. மீனெறி தூண்டில் வினைத்தொகை, காலம் காட்டாது. எறிந்த, எறிகிற, எறியும் என மூன்றும் பொருந்தும். தப்பவிட்ட என்பது மட்டும் பொருந்தாது. நான் சொல்லை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பிடித்திருந்தேன். புரோகிராமில் வேரியபிள் பெயரைப் படிக்காமல் அவுட்புட்டை மட்டும் பார்த்து பக் கண்டுபிடிக்கிற மாதிரி. "பார்க்கிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தேன். ரொம்ப நாள் பார்க்கவில்லை.

போன ஐப்பசியில் பாகூர் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது பங்காரு வாய்க்காலில் நல்ல தண்ணீர். பெண்ணையாற்றிலிருந்து பாகூர் ஏரிக்கு நீர் கொண்டுவருகிற வாய்க்கால். கரையில் ஒரு பெரியவர் கெண்டைக்குத் தூண்டி போட்டுக்கொண்டிருந்தார். ரீல் இல்லை. ஆளைவிட உயரமான மூங்கில் கழி, நுனியில் கட்டிய நரம்பு, தக்கை, முள்ளில் மண்புழு. சின்ன வயதில் நானும் இதைத்தான் பிடித்தேன். ஆனால் கார்பன் கோல் வாங்கி இத்தனை வருஷத்தில் அந்தக் கை மறந்தே போயிருந்தது.

தக்கை முங்கியது. மணிக்கட்டை ஒரு வெட்டு. விரல் நீள கெண்டை அவர் தலைக்கு மேலே பறந்து பின்னால் புல்லில் விழுந்தது. ஒரே அசைவு. எனக்குச் சுரீர் என்றது.

எங்கள் ஆட்டத்தில் மூன்று கட்டம் இருக்கு. முள்ளைப் பதிப்பது ஒன்று, ரீலின் டிராக்கை வைத்து மீனைக் களைக்க வைப்பது இன்னொன்று, கரை சேர்ப்பது மூன்றாவது. கோல் நெடுநேரம் வளைந்தே இருப்பது நடுக்கட்டத்தில்தான். நிமிர்ந்தால் நஷ்டம் என்ற என் விதி அந்த நடுக்கட்டத்தின் விதி. ரீல் இல்லாத கழியில், அதுவும் சின்ன மீனுக்கு, நடுக்கட்டமே கிடையாது. பதிப்பதும் கரைக்கு எறிவதும் ஒன்று. சங்கப் புலவர் கையில் ரீலைக் கொடுத்துவிட்டு நான் உரை எழுதியிருக்கிறேன்!

"ஐயா, இன்னொரு தடவை மெதுவா எடுப்பீங்களா?" என்று மொபைலை நீட்டினேன்.

"மெதுவா எடுத்தா மீன் வருமா தம்பி? நீ மெதுவா புடி" என்றார். ஸ்லோ மோஷன் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பிரேமாக ஓட்டிப் பார்த்தேன். கைப்பிடி மேலே வரும்போது நுனி உடனே வருவதில்லை. தண்ணீர் மீனைப் பிடித்து வைத்திருக்கிறது, அதனால் நுனி முதலில் கீழே வளைகிறது. மீன் தண்ணீரை விட்டு வெளியே வந்த கணத்தில் அந்தப் பிடி போய்விடுகிறது. வளைவில் சேர்ந்திருந்த விசை அத்தனையும் அப்போதுதான் விடுபட்டு, நுனி துள்ளி எழுந்து மீனை எறிகிறது.

ஆக, மூங்கில் எழுவதற்கு ஏதோ ஒன்று அதை விட வேண்டும் என்று நான் சொன்ன பாதி சரி. விட்டது எது என்பதில்தான் கோட்டை விட்டேன். தூண்டிலை விடுவது மீன் இல்லை, தண்ணீர். மீன் தப்பவில்லை, கோலோடு போகிறது.

இப்போது பாட்டைத் திரும்பப் படித்தால் முதலும் கடைசியும் வேறு மாதிரி கேட்கிறது. நான் இங்கே, என் நலம் அங்கே. மீன் ஒரு வெட்டில் தான் இருந்த இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குப் போவது மாதிரி. அவள் நலம் மெல்லத் தேயவில்லை, ஒரே அசைவில் போயிருக்கிறது. கடைசி வினையான ஒழிதலுக்கு நீங்கிப்போவது, தங்கிவிடுவது என இரண்டு அர்த்தமும் உண்டு. புல்லில் கிடக்கிற கெண்டைக்கு இரண்டுமே பொருந்தும்.

இந்த மாதிரிப் பாட்டுக்கு உள்ளுறை சொல்லும்போது பட்டியல் போடுகிற பழக்கம் ஒன்று உண்டு: யானைக்குத் தலைவன், மூங்கிலுக்குத் தலைவி, கவணுக்கு ஊர்ப்பேச்சு. எனக்கு அது ஒத்துவரவில்லை. அந்தப் பட்டியலில் தூண்டிலுக்கும் மீனுக்கும் இடமே கிடைப்பதில்லை. ஆனால் புலவருக்குப் பெயர் கொடுத்ததே அதுதான். மூங்கில் வரைக்கும் பார்த்தால் விட்டுப்போன கதை. தூண்டில் வந்ததும் பிடிபட்ட கதை. ஒரே அசைவில் இரண்டும் இருக்கிறது. அவனுக்கு எது, அவளுக்கு எது என்று பாட்டு பிரித்துச் சொல்லவில்லை. தூண்டில் கழியும் மூங்கில்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலையில் நிற்கிற மூங்கிலுக்கு நீர்க்கரையில் வேலை செய்கிற மூங்கிலை உவமை சொல்கிறார். பொருத்தம் பார்க்க வெளியே போகவே இல்லை.

வீடியோவைத் தமிழாசிரியருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து கூப்பிட்டார். எறிக்குச் சொன்ன பொருளை ஒத்துக்கொண்டார். தண்ணீர் விஷயத்தில் மட்டும் இழுத்தார். "தூண்டில்ல விடறது தண்ணின்னா, இங்க யானை தண்ணி ஆயிடுது. அப்ப கவண் வீசினவன் யாரு? தினை காக்கிறது அவ வீட்டு ஆளுங்கதானே?"

அவள் வீட்டார் எழுப்பிய சத்தத்தில்தான் எல்லாமே கைநழுவிப் போனதா என்று கேட்கிறார். அதுவும் இருக்கலாம். உ.வே.சா.வின் 1937 பதிப்பை எடுத்து வைத்திருக்கிறேன். தினைப்புனக் காவல் வருகிற மற்றப் பாட்டுகளைப் பார்த்துவிட்டுத்தான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.