முதுகோடு நின்றால் சரி

1998 அக்டோபர் 8 தேதியிட்ட ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் கைரோபிராக்டிக் பற்றி இரண்டு ஆய்வுகள் அடுத்தடுத்து வெளியாயின. முதுகெலும்பின் மேல் கையை வைத்து, சட்டென்று ஓர் உந்து கொடுத்து, ‘சடக்’ என்ற ஒலியோடு வலியைப் போக்குவதாகச் சொல்லும் அமெரிக்க வைத்திய முறை அது.

முதல் ஆய்வு கனடாவில் ஆஸ்துமா உள்ள 91 குழந்தைகளைப் பற்றியது. ஒரு பகுதியினருக்கு உண்மையான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதைப் போலவே தோன்றும் பாவனைச் சிகிச்சை. முடிவில் இரு தரப்புமே கொஞ்சம் தேறியிருந்தன. எது அசல், எது பாவனை என்று முடிவுகளைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது ஆய்வு சியாட்டிலில் இடுப்புவலியோடு வந்த 321 பேரை மூன்றாகப் பிரித்தது. ஒரு குழுவுக்குக் கைரோபிராக்டிக், ஒரு குழுவுக்கு மெக்கன்சி முறைப் பிசியோதெரபி. மூன்றாவது குழுவுக்கு இடுப்புவலி பற்றிய ஒரு சிறு கையேடு மட்டும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், கையேடு வாங்கிப் போனவர்களைவிடக் கைரோபிராக்டிக் குழுவுக்கு வலி சற்றுக் குறைவு. பிசியோதெரபிக்கும் அதற்கும் பெரிய பேதமில்லை. வேலைக்குப் போகாத நாள்கள், வலி திரும்பி வருவது ஆகியவற்றில் மூன்று குழுக்களும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டு ஆண்டுச் செலவு மட்டும் ஒன்றாக இல்லை: பிசியோதெரபிக்கு 437 டாலர், கைரோபிராக்டிக்குக்கு 429, கையேட்டுக்கு 153.

அதற்குப் பிறகு கால் நூற்றாண்டாக ஆய்வுகள் குவிந்துவிட்டன. ஆனாலும் அந்த ஓர் இதழ் சொன்னதிலிருந்து அவை அதிகம் விலகவில்லை. முதுகுவலிக்கு இந்தக் கை ஓரளவு உதவுகிறது. முதுகைத் தாண்டிப் போனதும் உதவி நின்றுவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், இந்த வைத்தியம் பிறந்ததே முதுகைத் தாண்டித்தான்.

அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் காந்த சிகிச்சை செய்துவந்தவர் டேனியல் டேவிட் பாமர். அதற்கு முன் மளிகைக் கடை, தேனீ வளர்ப்பு என்று பலதும் பார்த்தவர். 1895-இல் தன் கட்டடத்தில் துப்புரவுப் பணி செய்த ஹார்வி லில்லார்டு என்பவரின் முதுகில் புடைத்திருந்த முள்ளெலும்பை அழுத்தியதும் அவருக்குப் பல ஆண்டுகளாக மந்தமாக இருந்த காது கேட்கத் தொடங்கியதாகச் சொன்னார். காதிலிருந்து மூளைக்குப் போகும் செவி நரம்பு முதுகுத் தண்டின் வழியே போவதில்லை. பாமர் அதைப் பொருட்படுத்தவில்லை. நோய்களில் 95 விழுக்காடு இடம் பிசகிய முள்ளெலும்புகளால் வருகிறது என்று முடிவுகட்டிப் பள்ளியும் தொடங்கினார். அந்தப் பிசகலுக்கு ‘சப்லக்சேஷன்’ என்று பெயர். உரிமமின்றி வைத்தியம் பார்த்ததற்காக 1906-இல் சிறைக்கும் போய்வந்தார். மகன் பார்ட்லெட் ஜோஷுவா பாமருக்கு வியாபார சாமர்த்தியம் அதிகம். எக்ஸ்ரே கருவி, வானொலி நிலையம் என்று எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு அப்பாவின் கோட்பாட்டை ஒரு தொழிலாகவே வளர்த்தெடுத்தார்.

அந்த ‘சடக்’ ஒலியையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். நோயாளிக்கு அதுதான் நிரூபணம். விலகிய எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று நம்ப வைப்பதும் அதுவே. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒருவரின் விரலை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்துச் சொடக்கு விழும்வரை இழுத்துப் படம் எடுத்தார்கள். மூட்டின் இரு பரப்புகளும் சட்டென்று விலகும்போது உள்ளிருக்கும் நீர்மத்தில் ஒரு வாயுக் குழி உருவாகிறது. ஒலி எழுந்தது அந்த நொடியில்தான். முதுகு மூட்டுகளிலும் நீர்மம் உண்டு, உந்து கொடுத்தால் அவையும் அப்படியே விலகும். சத்தம் வந்ததாலேயே எலும்பு இடம் மாறி உட்கார்ந்தது என்று சொல்ல வழியில்லை.

கோட்பாடு இவ்வளவு பலவீனமாக இருந்தும் தொழில் தழைத்ததற்கு அலோபதி மருத்துவத்தின் பங்கு சிறியதல்ல. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963-இல் போலி வைத்தியத்துக்கு எதிராக ஒரு குழு அமைத்தது. கைரோபிராக்டருக்கு நோயாளியை அனுப்புவதே ஒழுக்கக்கேடு என்று தன் உறுப்பினர்களை மிரட்டி வைத்திருந்தது. செஸ்டர் வில்க் உள்ளிட்ட கைரோபிராக்டர்கள் 1976-இல் வழக்குப் போட்டார்கள். பதினோரு ஆண்டு இழுபறிக்குப் பின், இது தொழில் போட்டியை ஒழிக்கும் சட்டவிரோதமான புறக்கணிப்பு என்று நீதிபதி சூசன் கெட்ஸன்டானர் தீர்ப்பளித்தார். 1990-இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. கைரோபிராக்டிக் அறிவியல்பூர்வமானது என்று அந்தத் தீர்ப்பு எங்கும் சொல்லவில்லை. ஆனால் விளம்பரத்துக்கு அந்த நுணுக்கம் தேவைப்படவில்லை.

சரி, முதுகுவலிக்கு எவ்வளவு உதவுகிறது? 2017-இல் ‘ஜாமா’ இதழில் வந்த தொகுப்பாய்வு, புதிதாக வந்த இடுப்புவலிக்கு 100 புள்ளி அளவுகோலில் ஏறக்குறைய 10 புள்ளி வலி குறைவதாகக் கணக்கிட்டது. நாள்பட்ட வலி பற்றி 2019-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட தொகுப்பாய்வு 47 ஆய்வுகளையும் 9,211 பேரையும் உள்ளடக்கியது. உடற்பயிற்சி போன்ற பரிந்துரைக்கப்பட்ட மற்றச் சிகிச்சைகள் எவ்வளவு பலன் தருமோ, இதுவும் ஏறத்தாழ அவ்வளவே தருகிறது என்பது அதன் முடிவு. இது கைரோபிராக்டர்கள் மார்தட்டிக்கொள்ளும் அளவுக்குப் பெரிதல்ல. எதிர்ப்பாளர்கள் கைகழுவும் அளவுக்குச் சிறிதுமல்ல.

இந்த எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. மாத்திரை ஆய்வில் மாவு மாத்திரை கொடுத்து நோயாளியை ஏமாற்றலாம். முதுகில் விழும் உந்தை எப்படிப் பாவனை செய்வது? செய்பவருக்கு எது அசல் என்று தெரியும். படுத்திருப்பவரும் பெரும்பாலும் ஊகித்துவிடுவார். 2018-இல் அமெரிக்கப் படைவீரர்கள் 750 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு கைரோபிராக்டிக்கும் பெற்றவர்கள் ஆறு வாரத்தில் நன்றாகவே தேறினார்கள். ஆனால் மற்றக் குழுவுக்கு அதே அளவு கவனிப்பும் தொடுகையும் கிடைக்கவில்லை. தேற்றியது உந்தா, கவனிப்பா? 2007-இல் ‘லான்செட்’ வெளியிட்ட ஆஸ்திரேலிய ஆய்வு இதைக் கறாராகச் சோதித்தது. புதிதாக இடுப்புவலி வந்த 240 பேருக்கும் மருத்துவரின் அறிவுரையும் பாராசிட்டமாலும் தரப்பட்டன. அதற்கு மேல் கையால் செய்யும் முதுகுச் சிகிச்சையையோ டைக்ளோஃபெனாக் மாத்திரையையோ சேர்த்தும் யாரும் முன்கூட்டிக் குணமாகவில்லை. புதிதாக வரும் இடுப்புவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். அந்த வாரங்களில் யாரிடம் போனோமோ அவருக்கே பெயர் போய்ச் சேரும்.

எதிர்த் தரப்பின் யோக்கியதையையும் பார்க்க வேண்டும். இடுப்புவலிக்கு எழுதித் தரும் முதல் மாத்திரையான பாராசிட்டமால், 1,600-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த 2014 ஆய்வில் மாவு மாத்திரையைத் தாண்டவில்லை. ஓபியாய்டு மாத்திரைகளும் 2023-இல் சிட்னியில் நடந்த ஆய்வில் அப்படியே தோற்றன. அமெரிக்காவில் அவை உண்டாக்கிய அடிமைத்தனமோ தனிக் கதை. எம்.ஆர்.ஐ. எடுத்து ‘டிஸ்க் தேய்ந்திருக்கிறது’ என்று சொல்லும் வழக்கம் இன்னொன்று. வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 விழுக்காட்டினருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 விழுக்காட்டினருக்கும் அந்தத் தேய்மானம் படத்தில் தெரியும் என்கிறது 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு. எக்ஸ்ரேயில் கோடு போட்டு ‘பிசகல்’ காட்டும் கைரோபிராக்டரை இந்த விஷயத்தில் மட்டும் கேலி செய்வது நியாயமாகாது.

சியாட்டில் ஆய்வின் இன்னொரு எண் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. கைரோபிராக்டிக், பிசியோதெரபி பெற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் சிகிச்சை மிக நன்று என்றார்கள். கையேட்டுக் குழுவில் 30 விழுக்காட்டினர்தான் அப்படிச் சொன்னார்கள். வலிக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்து, இதனால்தான் வலிக்கிறது என்று ஒரு காரணமும் சொல்லி, அடுத்த வாரம் வரச் சொல்லும் மனிதரிடம் நோயாளிக்கு மதிப்பு வருவது இயல்பு. மூன்று நிமிடத்தில் சீட்டு எழுதும் மருத்துவரிடம் அவருக்குக் கிடைக்காதது அது.

இந்த மதிப்புதான் பிறகு முதலீடாகவும் ஆகிறது. வலி போன பிறகும் ‘பராமரிப்பு’ என்று மாதக்கணக்கில் வரச் சொல்லி முன்பணம் வாங்கும் கைரோபிராக்டர்கள் உண்டு. குழந்தையின் காதுவலிக்கும் வயிற்று வலி அழுகைக்கும் முதுகை அழுத்துபவர்களும் உண்டு. சைமன் சிங் என்ற அறிவியல் எழுத்தாளர் 2008-இல் ‘தி கார்டியன்’ நாளிதழில் இதைக் கண்டித்து எழுத, பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தது. தங்கள் பக்கம் ஆதாரம் ஏராளம் என்று அது வெளியிட்ட பட்டியலை அறிவியலாளர்கள் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். 2010 ஏப்ரலில் சங்கமே வழக்கைக் கைவிட்டது. சப்லக்சேஷனால் நோய் வருகிறது என்பதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை என்று பிரிட்டனில் கைரோபிராக்டர்களை ஒழுங்குபடுத்தும் கவுன்சிலே அதே ஆண்டில் அறிவித்தது. இந்தத் தொழிலின் நேர்மையான பகுதி வாய்விட்டுப் பேசிய அபூர்வமான தருணம் அது.

இன்று பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் ‘நைஸ்’ அமைப்பின் வழிகாட்டி, கையால் செய்யும் முதுகுச் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே அனுமதிக்கிறது. நாள்பட்ட இடுப்புவலி பற்றி 2023-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியிலும் இதற்கு இடமுண்டு. இரண்டும் பேசுவது முதுகுவலி பற்றி மட்டும்.

கழுத்தின் கதை வேறு. மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்து முள்ளெலும்புகளில் உள்ள துளைகள் வழியாக ஏறி, உச்சியில் வளைந்து தலைக்குள் நுழைகின்றன. கழுத்தைச் சட்டென்று திருகும்போது அந்தத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. இது மிக அபூர்வம். காரணத்தைப் பற்றிய வாதமும் தீரவில்லை: ஒன்டாரியோவில் இத்தகைய பக்கவாதம் வந்த 818 பேரை ஆராய்ந்த 2008 ஆய்வு, அவர்களில் இளம் வயதினர் முன்னதாகக் கைரோபிராக்டரிடம் போயிருந்த அளவுக்குச் சாதாரண மருத்துவரிடமும் போயிருந்ததைக் கண்டது. கிழிசல் ஏற்கெனவே தொடங்கி, அதனால் வந்த கழுத்துவலிக்குத்தான் இருவரையும் தேடிப் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். விளக்கம் சரியென்றே வைத்துக்கொண்டாலும், ஏற்கெனவே கிழிந்த தமனியுள்ள கழுத்தைத் திருகுவது நல்லதாகிவிடாது.

நம் ஊர் சலூன்களில் முடிவெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இரு பக்கமும் சொடுக்குவார்களே, அங்கே இருப்பதும் இதே தமனிதான். கைரோபிராக்டராவது தலைசுற்றல் உண்டா, பார்வை இரட்டையாகத் தெரிகிறதா, இதற்கு முன் இல்லாத விதமாகத் தலைவலிக்கிறதா என்று கேட்கப் பயிற்சி பெற்றவர். சலூனில் அந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லை. சொடுக்க வேண்டாம் என்று வாடிக்கையாளர்தான் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்.