‘ரெஃப்’ என்றால் ஆப்ஜெக்ட் இல்லை

தரவுத்தளத்தின் ‘ரெஃப்’ வகையை ஜாவாவோடு இணைக்கும் பாடத்தில், பல குறிப்புகள் “ரெஃப் என்றால் ஆப்ஜெக்ட்தான்” என்று முடித்துவிடுகின்றன. தப்பு, மாணவர்களே! அது நூலகத்தில் புத்தகம் இருக்கும் இடத்தைச் சொல்லும் எண் மாதிரி. ஆரக்கிளில் ஊழியரின் துறையை ‘கெட்ரெஃப்’ போட்டு எடுத்தால் கைக்கு வருவது அந்த எண்தான். புத்தகம் வேணும்னா ‘கெட்ஆப்ஜெக்ட்’ என்று மறுபடி கேட்கணும். (அந்த வசதியே ஜேடிபிசி 3.0-இல்தான் வந்தது.)

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஜாவாவில் ஒரு மாறி பொருளைப் பிடித்திருக்கும்வரை அது அழியாது. தரவுத்தளத்தில் துறையின் வரிசையை அழித்தாலும் ரெஃப் வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கும். இதை அந்தக் குறிப்புகள் தொடவே இல்லை. ஆசிரியர்களே, வகுப்பில் ஒரு வரிசையை அழித்துவிட்டு ‘ஈஸ் டாங்க்லிங்’ என்று கேட்டுக் காட்டுங்கள்.