இந்த வருஷம் நாரதர் யாரு?

நாடக விமரிசனம் என்றால் திரை தூக்கிய பிறகு நடந்ததைச் சொல்வது என்று வழக்கமாகிவிட்டது. திரை தூக்குவதற்கு முந்திய பதினைந்து நாளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. யாருக்கு எந்த வேஷம், டிக்கெட் எங்கே கிடைக்கும், முன்வரிசை போய்விட்டதா, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று வீடு முழுக்கப் பேச்சு நடக்கிறதே, அதுவும் நாடகத்தில் சேர்ந்ததுதான் என்பது என் கட்சி. அந்தக் காத்திருப்பைத்தான் இங்கே விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். மலர்க்குழுவினர் பொறுத்தருள வேண்டும்.

இதை முதலில் புரிந்துகொண்டவர் இளங்கோவடிகள்தான் என்று தோன்றுகிறது. அரங்கேற்று காதையை எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு வயது மாதவி ஆட வருகிறாள். ஆனால் உடனே வருகிறாளா? முதலில் ஆடலாசான் எப்படிப்பட்டவன் என்று சொல்கிறார். அப்புறம் இசையாசிரியன், புலவன், தண்ணுமைக்காரன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருடைய தகுதியும் விரிகிறது. அதன் பிறகு மேடை: எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். மூன்று வகைத் திரை. தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு. தலைக்கோல் ஊர்வலம் வேறு. இத்தனையும் முடிந்த பிறகே மாதவியின் வலக்கால் மேடையில் படுகிறது. பள்ளிக்கூடத்தில் இந்தப் பகுதியை நமக்குக் கலைக்களஞ்சியம் மாதிரி நடத்தினார்கள். நாமும் கொட்டாவி விட்டோம். எனக்கோ அது ஒரு நாடக நோட்டீஸ். யார் யார் பங்கெடுக்கிறார்கள், கொட்டகை எப்படி என்று வரிசையாகச் சொல்லிச் சொல்லி, கேட்கிறவனை நுனி நாற்காலிக்குக் கொண்டுவருகிற வேலை. ஆட்டம் முடிந்தபின் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு விலை பெற்ற மாலையைக் கூனி தெருவில் நின்று விற்கிறாளே, அதைக் கோவலன் வாங்கிய பிறகு அந்தக் குடும்பம் பட்ட பாடு வேறு கதை.

அந்த நோட்டீஸ் மரபு இன்றும் செத்துவிடவில்லை. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் கொடைக்கு நடக்கிற ஸ்பெஷல் நாடகத்தின் சுவரொட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என்று ஒவ்வொருவர் படமும் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். ஆர்மோனியம், மிருதங்கம் வாசிக்கிறவர்கள் பெயரும் இருக்கும். நாடகம் என்னவோ பெரும்பாலும் வள்ளி திருமணம்தான். கதை ஊருக்கே மனப்பாடம். கேள்வி ஒன்றே ஒன்று: "இந்த வருஷம் நாரதர் யாரு?"

வெளியூர்க்காரர்கள் இதை நட்சத்திர மோகம் என்று சொல்லிவிடுவார்கள். அது சரியில்லை. ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆளுக்கு ஓர் ஊரிலிருந்து தனித்தனியாக வருகிறார்கள். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்த பாட்டும் கதைப்போக்கும்தான் எல்லாருக்கும் பொது. நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் வரும்போது இவர் ஒரு கேள்வி போடுவார், அந்த அம்மா எதிர்க்கேள்வி போடுவார். அது அன்றைக்கு மேடையிலேயே பிறப்பது. ஆகவே ஜோடி மாறினால் நாடகமே மாறிவிடுகிறது. சென்ற வருஷம் பார்த்த வள்ளி திருமணமும் இந்த வருஷத்து வள்ளி திருமணமும் வேறு வேறு நாடகங்கள். 1920-களில் இலங்கையில் கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் ஜோடி சேர்ந்ததை நம் பாட்டிமார் அத்தனை வருஷம் கழித்தும் பேசினார்கள் என்றால் காரணம் இதுதான். இரண்டு பெரிய குரல்கள் மோதினால் யார் எங்கே விட்டுக்கொடுப்பார் என்பது முன்கூட்டித் தெரியாது. குஸ்திக்குப் போகிறவன் நிலைதான் ரசிகனுக்கும்.

லண்டனில் பிள்ளைகள் இருக்கிற நம் குடும்பங்களுக்கு இன்னொரு உதாரணம் பழக்கமாகியிருக்கும். அங்கே கிறிஸ்துமஸ் சமயத்தில் பாண்டமைம் என்று ஒன்று போடுகிறார்கள். அகராதியைப் பார்த்து ஊமைக்கூத்து என்று நினைத்துவிடாதீர்கள். காது கிழிகிற சத்தம். சிண்ட்ரெல்லா, அலாவுதீன் போன்ற கதைகள்தான் திரும்பத் திரும்ப. ஆண் ஒருவர் பெரிய கொண்டை வைத்துக் கிழவி வேஷம் கட்டுவார். வில்லன் பின்னால் பதுங்கி வரும்போது குழந்தைகள் எல்லாம் எழுந்து, "உன் பின்னால நிக்கிறான்!" என்று கத்த வேண்டும், கத்தாவிட்டால் நாடகம் நகராது. பல்லேடியம் அரங்கில் 29 வருஷ இடைவெளிக்குப் பிறகு 2016-இல் மறுபடி சிண்ட்ரெல்லாவைப் போட்டார்கள். கதை தெரியாதவர் அந்த ஊரில் உண்டா? ஆனாலும் யார் நடிக்கிறார்கள் என்ற அறிவிப்புக்கு மாதக்கணக்காகக் காத்திருக்கிறார்கள், டிக்கெட்டுக்கு முந்துகிறார்கள். ஔவையார் வேஷத்தால் அவ்வை சண்முகம் ஆகிவிட்ட டி.கே. சண்முகத்தைக் கண்ட சமூகத்துக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அவர்களுடைய கிழவி கோமாளி, நம்முடையவர் ஞானி. அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி நம் மைசூருக்கு வருவோம். கம்பெனி நாடகக் காலத்தில் இந்த ஊர் காத்திருந்தது பெரும்பாலும் காட்சிக்காக. குப்பி வீரண்ணாவின் கம்பெனி 1930-களில் போட்ட குருக்ஷேத்ரத்தில் நிஜ யானையும் நிஜக் குதிரையும் மேடையேறின. தமிழ்நாட்டில் கண்ணையா கம்பெனியின் தசாவதாரமும், பின்னாளில் ஆர்.எஸ். மனோகரின் இலங்கேஸ்வரனும் இதே ரகம். "எப்படிய்யா பண்ணினான்?" என்று வாயைப் பிளக்கத்தான் ஜனங்கள் டிக்கெட் எடுத்தார்கள். தரை டிக்கெட்டுக்காரனும் சோபா டிக்கெட்டுக்காரனும் ஒரே சமயத்தில் வாய் பிளந்தார்கள் என்பதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. குப்பி கம்பெனி வளர்த்துவிட்டவர்களில் ராஜ்குமாரும் ஒருவர். அவருடைய காஜனூர் இன்று தமிழ்நாட்டுத் தாளவாடிப் பக்கம் இருக்கிறது என்பதை நம் கன்னட நண்பர்களுக்கு அடிக்கடி நினைவுபடுத்துவதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

அதே குப்பி கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்தவர் பி.வி. காரந்த். 1989-இல் மைசூரில் ரங்காயணம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் அவர்தான். அவர் செய்த காரியம், ஒரு நிரந்தர நடிகர் குழுவை இந்த ஊரில் குடிவைத்தது. அதனால் மைசூர் ரசிகனுடைய காத்திருப்பின் தன்மையே மாறியது. நடிகர் வெளியூர் நட்சத்திரம் அல்ல. காலையில் காய்கறிக் கடையில் பார்த்த மனிதர். போன நாடகத்தில் ராஜாவாக வந்தவர் இதில் எடுபிடியாக வரலாம். வருஷங்கள் போகப்போக அவர்களுக்கு நரைப்பதையும் பார்த்தோம். சிலர் ஓய்வும் பெற்றுவிட்டார்கள். "இந்த முறை யாருக்கு வேஷம்?" என்று இங்கே கேட்பதில் மோகத்தைவிட, வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை முடிவு என்ன என்று கேட்கிற தொனிதான் அதிகம்.

2010-இல் அந்தக் குழு குவெம்புவின் 'மலெகளல்லி மதுமகளு' நாவலை மேடையேற்றியது. இயக்கம் சி. பசவலிங்கையா, நாடகமாக்கம் கே.ஒய். நாராயணசாமி, இசை ஹம்சலேகா. இரவு தொடங்கி விடியும்வரை, சுமார் ஒன்பது மணி நேரம். திறந்த வெளியில் ஒரு மேடை முடிந்ததும் பார்வையாளர்கள் எழுந்து அடுத்த மேடைக்கு நடக்க வேண்டும். போர்வையும் ஃபிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஜனங்கள் போனார்கள். ஏதோ புதுமை என்று பத்திரிகைகள் எழுதின. பத்து மணிக்கு ஆரம்பித்து விடிகாலை வரைக்கும் பாய் விரித்துக் கூத்துப் பார்த்த நம்மவருக்கு இது புதுமையா? எனக்கு அது ஊர்ப்பக்கத்துத் திருவிழா ராத்திரி. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: வள்ளி திருமணத்தில் கதை தெரிந்திருந்ததால் நடிகருக்காகக் காத்திருந்தோம். இங்கே முக்கால்வாசிப் பேருக்கு அந்தத் தடிமனான நாவல் தெரியாது. நாடகத்துக்குப் போகிறோம் என்பதற்காகவே அதைத் தேடி எடுத்துப் படித்தவர்களை எனக்குத் தெரியும். குத்தியின் நாய் ஹுலியனை மேடையில் எப்படிக் கொண்டுவருவார்கள் என்று படித்தவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். காத்திருப்பு ஒருவனைப் புத்தகத்திடம் அனுப்பிவைத்ததென்றால் அதைவிட நாடகத்துக்கு வேறு என்ன பெருமை வேண்டும்?

அடுத்து 2021 மார்ச்சில் வந்த 'பர்வ'. கொரோனாவின் இரண்டு அலைகளுக்கு நடுவே கிடைத்த கொஞ்ச இடைவெளியில், எஸ்.எல். பைரப்பாவின் 1979-ஆம் வருஷத்து நாவலைப் பிரகாஷ் பெலவாடி எட்டு மணி நேர நாடகமாக்கினார். பைரப்பா அப்போது இந்த ஊரிலேயே நம்மோடு இருந்தார்; 2025 செப்டம்பரில்தான் காலமானார். ஆசிரியரும் நடிகர்களும் பார்க்கிறவர்களும் ஒரே ஊர் என்பது எத்தனை நாடகத்துக்கு வாய்க்கும்? எதிர்பார்ப்புக்குக் கேட்பானேன்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல், அதை விமரிசகன் சொல்லித்தான் ஆக வேண்டும். பாரதம் என்றாலே நம் மனசு சக்கரத்துக்கும் விசுவரூபத்துக்கும் தயாராகிவிடுகிறது. குப்பி வீரண்ணாவும் மனோகரும் பழக்கிவிட்ட பசி அது. பைரப்பாவின் நாவலிலோ அற்புதம் கிடையாது. சாபம், வரம், மாயச் சேலை எதுவும் இல்லாமல், வயசான மனிதர்கள் உட்கார்ந்து தங்கள் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கிறார்கள். குந்தி நினைக்கிறாள், திரௌபதி நினைக்கிறாள், கர்ணன் நினைக்கிறான். ஏட்டில் அந்த நினைவோட்டம் நம்மை இழுத்துக்கொண்டு போகும். மேடையில் அது பேச்சாகத்தான் மாற வேண்டியிருக்கிறது. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் எட்டு மணி நேரம். பிள்ளைகளோடு வந்து பாதியில் எழுந்து போன குடும்பங்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் காத்திருந்தது ஒன்றுக்கு, கிடைத்தது வேறொன்று. அதே சமயம், பாவண்ணன் 'பருவம்' என்று அதைத் தமிழாக்கியிருக்கிறார், அந்த மொழிபெயர்ப்புக்கு சாகித்ய அகாதெமி பரிசும் பெற்றார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? அதைப் படித்துவிட்டுப் போயிருந்தால் யானைக்காகக் காத்திருக்க மாட்டோம். குந்திக்காகக் காத்திருப்போம்.

இதையெல்லாம் சங்க மலரில் எழுதக் காரணம் உண்டு. வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்கள் வருஷத்துக்கு ஒரு தமிழ் நாடகம் போடுகின்றன. ஊர் பெயர் வேண்டாம், பல இடங்களில் பார்த்துவிட்டேன். நாடகத்தின் பெயரே முதல் நாள் ராத்திரிதான் வெளியே தெரிகிறது. வேஷம் யார் யாருக்கு என்றால், நன்கொடைப் பட்டியலும் நிர்வாகக்குழுப் பட்டியலும் கையில் இருந்தால் நடிகர் பட்டியலைச் சுலபமாக ஊகித்துவிடலாம். அனுமதி இலவசம்; பாஸ் வீடு தேடி வருகிறது. பார்க்க வந்தவர்கள் தம் பிள்ளை வருகிற காட்சி முடிந்ததும் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்துவிடுகிறார்கள். கடைசிக் காட்சியில் ராஜராஜ சோழன் காலி நாற்காலிகளைப் பார்த்து வீரவசனம் பேசுகிறான். நடிப்பு மோசம் என்று நான் சொல்லவில்லை. சில பிள்ளைகள் அருமையாகச் செய்கிறார்கள். யாரும் அதற்காகக் காத்திருக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இங்கே பிறந்த நம் பேரப்பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் அவர்களுக்கு வீட்டுச் சமையலறையில் கேட்கிற மொழி. அந்த மொழியில் பெரிதாக ஒன்று நடக்கப்போகிறது, அதற்கு டிக்கெட் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பரபரப்பை அவர்கள் ஒரு தடவையாவது அனுபவித்திருக்கிறார்களா? சினிமாவில் உண்டு. மேடையில் இல்லை. ரங்காயணத்தின் கவுண்டர் முன்னால் நிற்கிற கன்னடப் பிள்ளைக்கு அது கிடைக்கிறது.

அதனால் அடுத்த டிசம்பர் விடுமுறைக்கு வள்ளி திருமணத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. ஒன்றரை மணி நேரமாகச் சுருக்குங்கள், பபூனை மட்டும் வெட்டாதீர்கள். வேஷத்துக்குப் பாட்டும் பேச்சும் கேட்டு ஆள் எடுங்கள்; தலைவர் வீட்டுப் பிள்ளையும் வரிசையில் நிற்கட்டும். தர்க்கக் காட்சியை எழுதிக் கொடுக்காமல், வள்ளியாக வருகிற பெண்ணையும் நாரதராக வருகிற பையனையும் தாங்களே கேள்வி தயாரித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். இவள் கேள்வி அவனுக்குத் தெரியக் கூடாது, அவன் கேள்வி இவளுக்குத் தெரியக் கூடாது. கார்த்திகை தீபத்துக்கு முன்னாலேயே படத்தோடு நோட்டீஸ் அடித்து வீட்டுக்கு வீடு கொடுங்கள். பாஸ் வேண்டாம். ஐம்பது ரூபாயோ நூறு ரூபாயோ, டிக்கெட் போடுங்கள். முதல் வரிசைக்கு நான் இப்போதே நாலு எடுத்துக்கொள்கிறேன். நாரதர் யார் என்று மட்டும் யாராவது முன்கூட்டிச் சொன்னால் தேவலை.