எனியோ மொரிக்கோனேயின் இசையும் சார்பு பற்றிய வினாவும்

திரைப்பட இசை பெரும்பாலும் ஊழியம் செய்யும் இசையாகவே கருதப்பட்டு வந்துள்ளது. காட்சி கூறுவதையே இன்னொரு முறை உரத்துக் கூறுவது அதன் கடன். நாயகி அழுதால் வயலினும் அழவேண்டும். இவ்வடிமைத் தொழிலினின்றும் இசையை விடுவித்து, காட்சியைப் பற்றித் தனக்கென ஒரு கருத்தைச் சொல்லும் உரிமையை அதற்குப் பெற்றுத் தந்தோர் மிகச் சிலரே. அவருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் இத்தாலிய இசையமைப்பாளர் எனியோ மொரிக்கோனே.

1928இல் உரோமாபுரியில் எக்காளக் கலைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், சாந்தா செசீலியா இசைக் கல்லூரியில் கொஃப்ரெதோ பெத்ராசியிடம் முறையாகப் பயின்றவர். ஆயினும் இசைத்தட்டுக் கம்பனிக்காகச் சனரஞ்சகப் பாடல்களுக்கு வாத்திய ஒழுங்கமைப்புச் செய்தே பிழைக்கவேண்டியவரானார். 1960இல் வெளிவந்த ஒரு பாடலுக்குத் தகரப் பேணி உருளும் ஓசையையே வாத்தியமாக்கினார். 1964 தொடக்கம் செர்ஜியோ லெயோனேயின் கௌபோய்ப் படங்களில் சீழ்க்கையும் சாட்டையொலியும் மணியோசையும் இசையாகியமைக்கு வித்து இங்கேயே இடப்பட்டது. இசை மண்டபத்தின் வாயிலில் நிறுத்தப்பட்டிருந்த வீதி ஓசைகளை உள்ளே அழைத்து ஆசனமிட்டவர் அவர். உலகம் அவரை அறிந்தது இப்படங்களாலேதான். எனினும் அவரது ஆற்றலின் உரைகல் வேறிடத்தில் உள்ளது.

ஜில்லோ பொன்தெகோர்வோவின் நெறியாள்கையில் உருவான ‘அல்ஜியேர்ஸ் போர்’ 1966இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கப் பரிசினைப் பெற்றது. பிரெஞ்சு ஆதிக்கத்துக்கெதிராக அல்ஜீரிய மக்கள் நடத்திய போராட்டமே அதன் பொருள். இசை மொரிக்கோனே, பொன்தெகோர்வோ இருவர் பெயரிலும் அமைந்தது. படத்தின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் படையினர் கஸ்பாவினுள் பாயும்போது இராணுவ முரசு இடைவிடாது அதிர்கிறது. பின்னர் மூன்று அல்ஜீரியப் பெண்கள் கண்ணாடி முன் நின்று ஐரோப்பிய மாதராக உருமாறும் காட்சியில், உரையாடலின் இடத்தை அந்நாட்டு மக்களின் தாளமே நிரப்புகின்றது. அவர்கள் குண்டு சுமந்து செல்லப் போகின்றவர்கள். படையின் முரசும் மக்களின் தாளமும் வேறு வேறு என்பதை நம் செவி உடனே அறிந்துகொள்கின்றது. இறுதியில் 1960ஆம் ஆண்டின் கிளர்ச்சியில் பெண்களின் குரவையொலி எழுகின்றபோது, அதுவே படத்தின் வெற்றிப் பாடலாகிவிடுகின்றது.

ஆனால் இப்படத்தின் உயிர்நிலை இவற்றில் இல்லை. கஸ்பாவின் குடியிருப்பொன்றில் நள்ளிரவில் குண்டு வெடித்து, இடிபாட்டிலிருந்து குழந்தைகளின் உடல்கள் எடுக்கப்படுகின்றன. தேவாலய இசையை நினைவூட்டும் மெல்லிய துயரிசை ஒன்று அப்போது கேட்கிறது. பிறகு அப்பெண்கள் வைத்த குண்டுகள் ஐரோப்பியர் கூடும் தேநீர்ச்சாலைகளில் வெடிக்கின்றன. சற்று முன்னர் அங்கே ஐஸ்கிறீம் உண்டுகொண்டிருந்த குழந்தையை நாம் பார்த்திருக்கிறோம். இப்போதும் கேட்பது அதே துயரிசைதான்.

இங்கே முற்போக்காளர் சிலர் முகஞ்சுழிக்கக்கூடும். அடக்குவோனின் பிணத்துக்கும் அடக்கப்பட்டோனின் பிணத்துக்கும் ஒரே ஒப்பாரியா? இது நடுநிலை என்ற பெயரில் வரும் கோழைத்தனம் அல்லவா என அவர்கள் வினவலாம். வினா நியாயமானது, ஆனால் விடை படத்திலேயே உள்ளது. வரலாறு யார் பக்கம் நிற்கிறது என்பதில் இப்படத்துக்கு ஐயமே இல்லை. யார் நாடு, யார் ஆக்கிரமிப்பாளர், வன்முறை எவ்விடத்திலிருந்து பிறக்கின்றது என்பதையெல்லாம் அது தெளிவாகவே காட்டிவிட்டது. சார்பு என்பது காரணங்களைப் பற்றியது. இரங்கல் மனிதரைப் பற்றியது. இரண்டையும் குழப்புவோர் ஒன்றிற் காரணங்களை மறந்து வெறும் கண்ணீரில் கரைவர், அல்லது எதிர்ப்பக்கத்துக் குழந்தையின் சாவைக் கணக்கிற் சேர்க்காது விடுவர். போரின் வடுவைத் தாங்கிய எச்சமூகமும் இவ்விரு பிழைகளையும் அறியும். அல்ஜீரியரின் நியாயத்தை ஓர் அங்குலமும் விட்டுக்கொடாமல், அந்நியரின் பிணத்தருகிலும் தலைகுனிந்து நிற்க முடியும் என்பதை வசனத்தால் உணர்த்தியிருப்பின் அது பிரசங்கமாகியிருக்கும். இசை அதனைப் பிரசங்கமின்றி உணர்த்துகின்றது.

1972இல் கான் விழாவின் உயர்பரிசைப் பகிர்ந்துகொண்ட எலியோ பெத்ரியின் ‘தொழிலாளர் வர்க்கம் சொர்க்கத்துக்குப் போகிறது’ என்னும் படத்திலும் இத்தகைய சிந்தனையைக் காணலாம். செய்யும் உருப்படிக்கேற்பக் கூலி பெற்று, சக தொழிலாளரின் வெறுப்புக்கு ஆளாகும்வரை விரைந்துழைக்கும் லூலூ, ஒரு விரலை இயந்திரத்துக்குப் பறிகொடுக்கிறான். இங்கு இசையே தொழிற்சாலையாகின்றது. இயந்திரத்தின் அடியை ஒத்த கனத்த ஒலி ஒழுங்காக வந்து விழ, இன்னிசை அதன் பிடியுள் அகப்பட்டுத் தவிக்கின்றது. உழைப்புச் சுரண்டலை இவ்வளவு சுருக்கமாக விளக்கிய பொருளியற் பாடம் அரிது.

மொரிக்கோனே எல்லா இடத்தும் இவ்வுயரத்தில் நின்றார் எனல் பொருந்தாது. ‘மிஷன்’ (1986) படத்தின் புகழ்பெற்ற ஓபோ இசை பேரழகு வாய்ந்தது. ஆனால் அவ்வழகு பாதிரியாருக்கே முதலிற் சொந்தமாக, குவாரனி மக்கள் அதன் பின்னே பாடுவோராகின்றனர். நானூறுக்கு மேற்பட்ட படைப்புகளுள் வணிகத்துக்காகச் செய்தனவும் பல. அவர் போராட்டக் கலைஞர் என்று தம்மைப் பறைசாற்றியவருமல்லர். ஆனால் அரசபக்தரான பால்சாக்கின் நாவல்களிற் பிரெஞ்சுச் சமூகத்தின் உண்மையைக் கண்டவர் ஏங்கெல்ஸ். கலைஞனின் பிரகடனத்தை அன்றி அவனது ஆக்கத்தையே உரைத்துப் பார்க்கவேண்டும் என்பது அவர் நமக்களித்த பாடம்.

2020 யூலை 6ஆம் நாள் மொரிக்கோனே மறைந்தார். அவரது சீழ்க்கையை உலகம் மறக்கப்போவதில்லை. நாம் மறக்கலாகாதது, இரு பக்கத்துப் பிணங்களின் மீதும் ஒலித்த அந்த ஒரே துயரிசையை. விடுதலையை வேண்டுவோரின் நெஞ்சு, விடுதலையை மறுப்போரின் நெஞ்சிலும் விரிந்ததாக இருத்தல் வேண்டும். இன்றேல் அவ்விடுதலை எதற்கு?