படிப்பவரும் படியெடுப்பவரும்

தமிழில் நூலை ஓதுவதும் படித்தல். அதனைப் பார்த்து எழுதிய பிரதியும் படி. ஓலைச்சுவடிக் காலத்தில் இவ்விரு பொருளும் நெருங்கியே நின்றன. ஏடு வேண்டியவர் பெரும்பாலும் அதனை எழுதியோ எழுதுவித்தோ பெற்றார். அச்சு வந்தபின் இவை பிரிந்தன. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியது போன்ற அரும்பணிகளால் இலக்கியம் பலர் கைக்கு எட்டியது; ஆயினும் வாசகர் பெறுபவராகவே அமைந்தார். வார இதழ்களிலும் அவர் பங்கு கடிதம் எழுதுவதோடு முடிந்தது. அதனை வெளியிடுவது ஆசிரியரின் விருப்பம்.

கணினி இந்நிலையை மாற்றியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைச் சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதினர். தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் நூலின் முகப்பிலேயே உள்ளன. சுவடியின் இறுதியில் ஏடெழுதியவர் தம் பெயர் பொறித்த மரபு இங்கு மீண்டும் தழைத்தது எனலாம்.

எனினும் ஒரு குறையைச் சுட்டாமல் இருத்தல் திறனாய்வாகாது. மின்னுரை மட்டும் கையிலிருக்க, மூலநூல் இல்லாதவர் பிழையை எவ்வாறு உணர்வார்? விக்கிமூலம் இதற்கு வழி கண்டது. அங்கு அச்சுப் பக்கத்தின் படமும் தட்டெழுதிய உரையும் அருகருகே நிற்கின்றன. ஒருவர் மெய்ப்புப் பார்த்ததை மற்றொருவர் சரிபார்க்கிறார். 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவிலோ ஒவ்வொரு திருத்தமும் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிறது. திருத்தும் உரிமையோடு திருத்தப்படும் கடமையும் சேர்ந்து வருவதே இவற்றின் சிறப்பு.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், பங்கேற்பு என்று நாம் கொண்டாடுவன யாவும் பங்கேற்பு ஆகா. வள்ளுவர் சொல்லாததை அவர் பெயரால் வாட்ஸ்அப்பில் கண்டவுடன் பத்துப் பேருக்கு அனுப்புபவர், பத்துப் பேருக்குப் பிழையைப் பரப்புகிறார். அங்கே விரல் உழைக்கிறது, கண் உழைக்கவில்லை.

பெங்களூர் வாழ் தமிழராகிய நமக்கு இது ஏட்டளவு வாதமன்று. நம் இல்லங்களில் தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் வளர்கின்றனர். எழுத்துக் கற்பித்தபின் விக்கிமூலப் பக்கம் ஒன்றை அவர்களோடு அமர்ந்து ஒப்பிடுவோமாயின், றகர ரகரமும் ளகர ழகரமும் கண்ணில் பதியும்; ஒரு நூலும் பிழை நீங்கும். படிப்பதும் படியெடுப்பதும் மீண்டும் ஒன்றாகும் அவ்விடத்தில்தான், வாசகர் மொழிக்கு உரியவராகிறார்.