கதவு திறக்கும் நேரம்: வீடியோ விளையாட்டுகளின் மறுஆக்கம் குறித்து

அக்கா மகனுக்குப் பதினான்கு வயது. விடுமுறைக்கு வந்திருந்தவன், நான் 'ரெஸிடென்ட் ஈவில்' முதல் பாகத்தை - ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1996இல் வெளியிட்டது - விளையாடிக்கொண்டிருப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மாளிகைக்குள் ஒரு கதவைத் தொட்டேன். திரை இருண்டது. கறுப்பு வெளியில் ஒற்றைக் கதவு மட்டும் தோன்றி, கிரீச்சிட்டபடி மெதுவாகத் திறந்தது. 'மாமா, ஹேங் ஆயிடுச்சா?' என்றான். இல்லடா, கதவு திறக்குது என்றேன். 'ஒரு கதவு திறக்க இவ்ளோ நேரமா?'

அவன் கேட்டதில் தப்பில்லை. அது உண்மையில் கதவே அல்ல. அடுத்த அறையைத் தகட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றிக்கொள்ள அன்றைய பிளேஸ்டேஷனுக்குச் சில விநாடிகள் தேவைப்பட்டன. அந்த விநாடிகளின் மேல் போர்த்தப்பட்ட துணிதான் கதவு. இயந்திரத்தின் இயலாமை, அவ்வளவுதான். ஆனால் அந்த இயலாமையைத்தான் நாங்கள் பயம் என்று வாசித்தோம். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காத, கதவுக்கு அந்தப்பக்கம் என்ன நிற்கிறதென்று தெரியாத அந்த இடைவெளியில் பிரதி மௌனமாகிவிடுகிறது. அந்த மௌனத்தில் எழுதிக்கொண்டிருந்தது நாங்கள்.

மறுஆக்கம் பற்றி எனக்குள்ள சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பழைய விளையாட்டைப் புதிய இயந்திரத்துக்காகத் திரும்பச் செய்கிறவர்கள் முதலில் கைவைப்பது இம்மாதிரி மௌனங்களில். குறை என்று பெயரிட்டு நிரப்பிவிடுகிறார்கள். எது குறை, எது பிரதி என்று பிரித்துச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

'சைலண்ட் ஹில்' விளையாட்டின் மூடுபனியை எடுத்துக்கொள்வோம். 1999இல் கொனாமி வெளியிட்ட முதல் பாகத்தில், தெருவைத் தூரம்வரை வரைந்து காட்ட இயந்திரத்துக்குத் தெம்பில்லை. ஊரெங்கும் பனியைப் பரப்பினார்கள். நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. பிசாசு அருகில் வந்தால் சட்டைப்பையிலுள்ள வானொலி இரையும். கண் செயலற்றுப்போன ஊரில் காதால் நடந்தோம். 2001இல் இரண்டாம் பாகம் வந்தபோது இயந்திரம் பலம் கூடியிருந்தது, ஆனாலும் பனியை விடவில்லை. இம்முறை அது கதைக்குள்ளேயே இறங்கிவிட்டது. செத்துப்போன மனைவியிடமிருந்து கடிதம் வந்ததென்று ஜேம்ஸ் சண்டர்லாண்ட் அந்த ஊருக்கு வருகிறான். அவளைக் கொன்றது தான்தான் என்பதை அவன் தன்னிடமிருந்தே மறைத்து வைத்திருக்கிறான். ஊரை மூடியிருக்கும் பனி அவன் அறிய மறுப்பதன் பனி. வன்பொருளின் பலவீனமாகப் பிறந்த ஒரு குறிப்பான், இரண்டே வருஷத்தில் குற்றவுணர்வைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. இதை யாரும் முன்கூட்டித் திட்டமிட்டார்கள் என்று நான் நம்பவில்லை.

2012இல் இதையே துல்லியத் திரைகளுக்காகப் புதுப்பித்து வெளியிட்டார்கள். மூல விளையாட்டின் இறுதி நிரலை யாரும் பத்திரமாக எடுத்துவைக்கவில்லை. பாதி வேலையில் நின்ற நிரலைக் கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். விளைவு, பல இடங்களில் பனி நீர்த்துப்போய், வரையப்படாத உலகத்தின் விளிம்பு அப்பட்டமாகத் தெரிந்தது. மேடையில் திரைச்சீலை கிழிந்து பின்னால் முறுக்குத் தின்றுகொண்டிருக்கும் கட்டியங்காரனைப் பார்த்த மாதிரி. சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெளிவு என்பதைத் தன்னளவிலேயே ஒரு மதிப்பாகக் கருதும் மனோபாவம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

2024இல் போலந்தின் ப்ளூபர் டீம் செய்த முழு மறுஆக்கம் இப்படிப்பட்டதல்ல. பொறுப்பான வேலை. பனி இருக்கிறது, முன்பைவிட அழகாகவே. ஆனால் இப்போது எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வரைந்து காட்டக்கூடிய இயந்திரம், நமக்காகக் காட்டாமல் இருக்கிறது. முன்பு அது நிர்ப்பந்தம், இப்போது அலங்காரம். முகங்களும் அப்படியே. பழைய ஜேம்ஸின் முகம் மரப்பொம்மை முகம், பேச்சு தூக்கத்தில் உளறுவது போலிருக்கும். புதிய ஜேம்ஸ் நன்றாக நடிக்கிறான், கண் கலங்குகிறான், உதடு துடிக்கிறது. பொம்மை முகத்தின்மேல் என் துக்கத்தை நான் வைத்துப் பார்த்தேன். புதிய முகத்தில் துக்கம் ஏற்கனவே வைக்கப்பட்டிருக்கிறது, பெற்றுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. இது என் வயசுக்காரனின் புலம்பலாக இருக்கலாம். இருக்கட்டும்.

அதற்காக மறுஆக்கம் எல்லாமே துரோகம் என்று சொல்ல வரவில்லை. 'ரெஸிடென்ட் ஈவில்' முதல் பாகத்தை அதன் இயக்குநர் ஷின்ஜி மிகாமியே 2002இல் திரும்பச் செய்தார். கதவுகளை அவர் எடுக்கவில்லை, அசையாத காமிராக் கோணங்களையும் எடுக்கவில்லை. மாற்றியது வேறொன்றை. பழைய விளையாட்டில் ஒரு நடைக்கூடம் உண்டு. முதல்முறை நடக்கும்போதே கண்ணாடியை உடைத்துக்கொண்டு நாய் பாயும். விளையாடியவன் ஒருவனும் மறந்திருக்க மாட்டான். 2002இல் அதே கூடத்தில் உயிரைக் கையில் பிடித்தபடி நடக்கிறோம். கண்ணாடி விரிசல் விடுகிறது. நாய் வரவில்லை. சரி, எடுத்துவிட்டார்கள் போல என்று நிம்மதியாகி, பிறகு எப்போதோ அந்த வழியே திரும்பும்போது பாய்கிறது. இன்னொன்று: சுட்டு வீழ்த்திய பிணம் பழையதில் பிணமாகவே கிடக்கும். புதியதில் தலை சிதறாத பிணத்தை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தாவிட்டால் கொஞ்சநேரம் கழித்து எழுந்து, முன்பைவிட வேகமாக ஓடி வரும். பாதுகாப்பானது என்று நாம் மனதில் குறித்துவைத்திருந்த வழியெல்லாம் பொய்யாகிறது. இங்கே மறுஆக்கம் பழைய பிரதியை அழகுபடுத்தவில்லை, பழைய வாசகனின் ஞாபகத்தைத் தன் கச்சாப்பொருளாக எடுத்துக்கொள்கிறது. இதை நான் விமர்சனம் என்றே சொல்வேன். போர்ஹெஸின் பியர் மெனார் செர்வாண்டிஸைத் திரும்ப எழுதியதுபோல, அதே வரி வேறு வரியாகிவிடுகிறது.

ஆனால் மெனார் எழுதியபின்னும் செர்வாண்டிஸின் புத்தகம் கடையில் கிடைத்தது. ரீமேக் என்ற சொல் நமக்குச் சினிமா வழியாகப் பழகியது. தெலுங்குப் படத்தைத் தமிழில் எடுத்தால் தெலுங்குப் படம் அழிந்துபோவதில்லை. உரையாசிரியன் எவ்வளவு வம்பு செய்தாலும் மூலம் மேலே தடித்த எழுத்தில் நிற்கும். வீடியோ விளையாட்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அது ஓட ஓர் இயந்திரம் வேண்டும், இப்போதெல்லாம் நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடைகளில் கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டுச் சொன்னது.

'வார்கிராஃப்ட் 3' விவகாரம் இதன் உச்சம். 2002இல் பிளிசார்ட் வெளியிட்ட இவ்விளையாட்டோடு வரைபடம் செய்யும் கருவியும் சேர்ந்தே வந்தது. விளையாடியவர்கள் அதை வைத்துத் தங்கள் விளையாட்டுகளைச் செய்துகொண்டார்கள். அப்படி யாரோ செய்த ஒன்றுதான் 'டோட்டா', பின்னாளில் கோடிக்கணக்கில் புரளும் தொழிலாக ஆனது. 2020 ஜனவரியில் 'ரீஃபோர்ஜ்ட்' என்ற மறுஆக்கம் வந்தது. பழைய விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்களின் கணினியிலும் புதிய நிரல் வந்து உட்கார்ந்துகொண்டது. இணையத்தில் ஆட வேண்டுமென்றால் அதன் வழியாகத்தான். முன்பிருந்த வசதிகள் சில அதில் காணாமற்போயிருந்தன. விளையாடுகிறவர்கள் செய்யும் வரைபடங்கள் நிறுவனத்துக்கே சொந்தம் என்றும் விதி எழுதிவைத்தார்கள். ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பார்த் 1967இல் எழுதியதை நாமும் தமிழில் எத்தனையோ தடவை கொண்டாடியாயிற்று. செத்தவனின் சொத்து யாருக்குப் போகிறது என்று கேட்கத்தான் மறந்துபோனோம். வாசகன் எழுதினான், பத்திரம் நிறுவனத்தின் பேரில் பதிவாயிற்று. இதைப் பழமையேக்கம் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. புத்தகம் வாங்கி வைத்தவன் வீட்டு அலமாரியில் இரவோடிரவாகப் புகுந்து பதிப்பை மாற்றிவிட்டுப் போவதை என்னவென்று சொல்வோம்?

மறுபக்கமும் உண்டு. மருமகன் கையில் பழைய 'ரெஸிடென்ட் ஈவில்' விசையைக் கொடுத்துப் பார்த்தேன். மேல்விசையை அழுத்தினால் பாத்திரம் தான் பார்த்து நிற்கும் திசையில் போகும், திரையின் மேல்நோக்கி அல்ல. டாங்கி ஓட்டுவதுபோல் திருப்பித் திருப்பி ஓட்டவேண்டும். பத்து நிமிஷம் சுவரில் முட்டிக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டான். மூலத்தை அப்படியே வை என்று நான் கத்துவதால் அவனுக்கு என்ன லாபம்? அவனுக்கு 2019இல் வந்த இரண்டாம் பாகத்தின் மறுஆக்கம்தான் பிடித்திருக்கிறது. அதில் ஏற்றும் கதவுகள் கிடையாது. நெடிய உருவம் ஒன்று தொப்பியோடு போலீஸ் நிலையமெங்கும் நடந்து தேடுகிறது. மாடியில் அதன் காலடி கேட்கும். கதவைச் சாத்தினால் திறந்துகொண்டு வரும். 1998இல் கதவு எங்களுக்கு எல்லைக்கோடாக இருந்தது. இவனுக்குப் பெரும்பாலான கதவுகள் அப்படிக் கோடாக இல்லை. இவன் பயம் வேறு பயம், என்னுடையதைவிடக் குறைந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது அவன் 'ஃபைனல் ஃபேன்டஸி 7' மறுஆக்கத்தில் இருக்கிறான். 1997இல் மூன்று தகடுகளில் வந்த கதையின் முதல் சில மணி நேரத்தை மட்டும் ஒரு முழு விளையாட்டாக இழுத்து 2020இல் வெளியிட்டார்கள், அடுத்த பகுதி 2024இல் வந்தது. கதை பழைய தடத்திலிருந்து விலகும்போதெல்லாம் முக்காடிட்ட சாம்பல் நிற ஆவிகள் சுழன்று வந்து, மூலத்தில் நடந்ததே நடக்கும்படி தள்ளிவிடுகின்றன. கடைசியில் அவற்றோடேயே போரிட வேண்டியிருக்கிறது. மூலப்பிரதிக்குக் காவலாக நிற்பவர்களை, அதாவது என் போன்றவர்களை, விளையாட்டே பேயாக்கி உலவவிட்டிருக்கிறது. கெட்டிக்காரத்தனம்தான், கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது. ஆனால் பழையதைத் தெரிந்தவனுக்கு மட்டுமே புரியும் சண்டை அது. ஏரித் என்ற பெண்ணுக்கு 1997இல் என்ன ஆயிற்று என்று தெரியாதவனுக்கு அந்த ஆவிகள் வெறும் இடைஞ்சல்.

'மாமா, இதுங்க யாரு? சும்மா சும்மா வந்து தடுக்குதுங்க' என்று நேற்றுப் போனில் கேட்டான். ஆடி முடி, பிறகு சொல்கிறேன் என்றேன். பழைய மூன்று தகடுகளும் பரணில்தான் எங்கேயோ கிடக்கின்றன. பெட்டி ஓடுமா என்று பார்க்க வேண்டும்.